குருத்துக்குப் போகும் சேதி

குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில், மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். விரிந்த மட்டையில், கத்தரியால் நறுக்கி எடுத்ததுபோல முக்கோண வெட்டுகள் இருக்கும். விரிந்த பிறகு அந்த ஓலையை யாரும் வெட்டவில்லை. பல வாரங்களுக்கு முன்பு, மட்டை விரியாமல் ஈட்டிபோலச் சுருண்டு நின்ற நாளில், காண்டாமிருக வண்டு குருத்துக்குள் துளைத்துப் போயிருக்கிறது. அது போட்டது ஒரே ஒரு துளை. மடிந்திருந்த ஓலை விரிந்தபோது அந்தத் துளை வரிசையாகப் பல கீற்றுகளில் வெட்டாகத் தெரிகிறது. வண்டு இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய் வளர்முனையைத் தின்றிருந்தால் மரமே போயிருக்கும். செம்பனைக்குக் குருத்து ஒன்றுதான்.

2016 ஆகஸ்டு 27 அன்று, உள்நாட்டிலேயே ஸிக்கா கிருமி தொற்றிய முதல் நபரைச் சிங்கப்பூர் அறிவித்தது. அல்ஜுனிட், சிம்ஸ் டிரைவ் வட்டாரத்தில் முதலில் தொற்று கண்டவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது. ஜொகூர் பாருவோ, தினமும் லட்சக்கணக்கானோர் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்த் திரும்பும் ஊர். தனக்குக் கிருமி இருப்பதே தெரியாத ஒருவர் வீடு திரும்பினால் போதும், இந்தக் கரையிலுள்ள ஏடிஸ் கொசு அவரைக் கடித்துவிட்டு அடுத்தவரிடம் கொண்டுபோகும். செப்டம்பர் முதல் வாரத்தில், ஜொகூர் பாருவில் ஒரு கர்ப்பிணிக்கு ஸிக்கா இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. மலேசியாவில் ஸிக்கா கண்டறியப்பட்ட முதல் கர்ப்பிணி அவர்.

பிரேசிலில் ஸிக்கா தொற்றிய தாய்மாருக்குத் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் படங்களை அதற்குள் உலகமே பார்த்திருந்தது. அதனால் ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். லேசான காய்ச்சலும் தோல் தடிப்புமாக நாலைந்து நாளில் போய்விடும் நோய் இது. தாய்க்கு ஒன்றும் ஆகாத கிருமி, குழந்தையின் மூளையில் மட்டும் ஏன் கை வைக்கிறது? அதற்குப் பதில் குருத்தில் இருக்கிறது.

ஸ்டெம் செல் என்பதைத் 'தண்டுச் செல்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுபவர்கள் உண்டு. எனக்குக் 'குருத்தணு' என்ற சொல்தான் பிடிக்கும். தண்டு முற்றியது, இனி என்ன ஆகும் என்பது அதில் தீர்மானமாகிவிட்டது. குருத்து அப்படியில்லை. தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு நிற்கும், வேறொன்றாகவும் மாறும். இந்த இரண்டு திறனும் சேர்ந்திருப்பதுதான் குருத்தணு.

கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்பக்கத் தோல் தட்டையாகத் தடிக்கிறது. ஓரங்கள் எழும்பி, பாய் சுருட்டுவதுபோல உருண்டு குழாயாகின்றன. 28-ஆம் நாளுக்குள் குழாய் மூடிவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரிய வரும். அந்தக் குழாயின் சுவர் முழுக்கக் குருத்தணுக்கள். வளர்ந்த மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. எல்லாமே அந்த மெல்லிய சுவரிலிருந்து வந்தவை.

ஒவ்வொரு குருத்தணுவும் பிரியும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு குருத்தணுக்களாகப் பிரியலாம். அல்லது ஒன்று குருத்தணுவாகவே நிற்க, மற்றொன்று நரம்பணுவாகிப் புறப்படலாம். நரம்பணுவாகிவிட்டால் திரும்பி வர வழியில்லை, அது இனிப் பிரியாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 10 குருத்தணுக்கள் பத்து முறை இரட்டித்தால் 10,240 ஆகும். ஒன்பதே முறை இரட்டித்துவிட்டு அவசரப்பட்டு நரம்பணுவாக மாறிவிட்டால் 5,120. ஒரே ஒரு சுற்று குறைந்ததில் பாதி போய்விட்டது. தொடக்கத்தில் விழும் சின்ன அடி கடைசியில் பெரிய குறையாகத் தெரிவது இப்படித்தான்.

அப்படியானால் எப்போது பெருகுவது, எப்போது நிறுத்துவது, என்னவாக மாறுவது என்று குருத்தணுவுக்கு யார் சொல்கிறார்கள்?

ஜொகூர் கடற்பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 1924-இல். அதே ஆண்டு ஜெர்மனியின் பிரைபர்க் நகரிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஹான்ஸ் ஸ்பெமானின் மாணவி ஹில்டே மாங்கோல்ட், நியூட் என்னும் வாலுள்ள நீர்நில வாழ்வியின் கருவிலிருந்து கடுகளவுகூட இல்லாத ஒரு திசுவை எடுத்து, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார். அங்கே இரண்டாவது முதுகுத்தண்டும் இரண்டாவது மூளைத் தொடக்கமும் வளர்ந்தன. வியப்பு அதோடு முடியவில்லை. அந்தப் புதிய நரம்புத் திசுவில் பெரும்பகுதி ஒட்டிய துண்டிலிருந்து வந்ததல்ல. வயிற்றுத் தோலாகப் போகவேண்டிய அணுக்கள், பக்கத்தில் வந்து உட்கார்ந்த துண்டின் பேச்சைக் கேட்டு மூளையாகத் தொடங்கியிருந்தன. அதே ஆண்டு தீ விபத்தில் ஹில்டே இறந்துபோனார். வயது 25. நோபல் பரிசு 1935-இல் ஸ்பெமானுக்குக் கிடைத்தது. நுண்ணோக்கியின் கீழ் அந்தத் துண்டை வெட்டி ஒட்டியது ஹில்டேயின் கை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தத் துண்டு சொன்ன சேதி என்ன என்று தெரிய மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. 1990-களில் நாகின், கோர்டின் என்ற புரதங்கள் பிடிபட்டன. கருவின் தோல் அணுக்களைச் சுற்றி பிஎம்பி என்ற புரதம் எப்போதும் 'தோலாகு, தோலாகு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நாகினும் கோர்டினும் அந்தப் பிஎம்பியைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. சத்தம் அடங்கிய இடத்தில் அணு மூளையாகத் தொடங்குகிறது. மூளையாகு என்று யாரும் ஆணையிடவில்லை. தோலாகச் சொல்லும் குரல் அங்கே நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான். உயிரியலில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்த விஷயங்களில் இது ஒன்று.

சேதி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்ல எனக்குத் தோட்டத்தைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. என் பாட்டி குளுவாங் பக்கம் பால்வெட்டியவர். விடியும் முன் பெரட்டுக்குப் போய் நிற்பார். இன்று எந்த நிரை, பால்வெட்டா வெளிக்காட்டு வேலையா என்பது அங்கேதான் தெரியும். துரை கிராணியிடம் சொல்வார், கிராணி கங்காணியிடம் சொல்வார், கங்காணி பெரட்டில் சொல்வார். துரை காட்டுக்குள் இறங்கவே மாட்டார், ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு முந்நூறு பேர் நடப்பார்கள்.

உயிரணுவிலும் பெரும்பாலும் இதே முறைதான். வளர்ச்சிக் காரணி என்ற சேதிப் புரதம் அணுவுக்குள் நுழைவதில்லை. அணுவின் சவ்வில் வாசல் காவல்போல நிற்கும் ஏற்பியைத் தொடுகிறது. ஏற்பி தன் உள்பக்க வாலை அசைக்கிறது. அங்கே காத்திருக்கும் கைனேஸ் என்ற நொதி விழித்து, அடுத்ததன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அது விழித்து அதற்கடுத்ததை எழுப்புகிறது. மூளைக் குருத்தணுவில் இப்படி ஓடும் முக்கியமான வரிசை ஒன்றில் ஏகேடி என்ற கைனேஸ் கிராணியின் இடத்திலும், எம்டார் என்ற கைனேஸ் கங்காணியின் இடத்திலும் இருக்கின்றன. சத்து இருக்கிறதா, மேலிருந்து சேதி வந்ததா என்று இரண்டையும் பார்த்த பிறகுதான் எம்டார் 'புரதம் செய், பெருகு' என்று சொல்லும். சேதி நின்றால், அணு தன் பழைய பொருள்களையே தின்று காலம் தள்ளத் தொடங்கும்.

எம்டார் என்ற பெயருக்குள் ஓர் இந்தியரின் பிடிவாதம் இருக்கிறது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரியில் ராபமைசின் என்ற பொருளைக் கண்டவர் சுரேன் சேகல். அவர் வேலை செய்த நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கனடா ஆய்வகத்தை மூடி, அந்த ஆய்வையும் கைவிட்டது. அவரோ அந்த நுண்ணுயிரியைத் தன்னோடு எடுத்துப்போய்க் குளிர்பெட்டியில் பல ஆண்டுகள் காப்பாற்றினார். பின்னால் ராபமைசின் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு மருந்தானது. அந்த மருந்து அணுவுக்குள் எதைப் பிடிக்கிறது என்று தேடிப் போனவர்கள் கண்டுபிடித்த புரதம்தான் எம்டார்.

மேலிருந்து வரும் ஆணை மட்டும் போதாது. பக்கத்தில் நிற்பவரின் பேச்சும் உண்டு. நாட்ச் என்ற சேதிப் பாதை அதற்கானது. 1910-களில் தாமஸ் மார்கனின் ஆய்வகத்தில், சிறகின் ஓரம் கடித்ததுபோல இருந்த பழ ஈக்களைப் பார்த்து வைத்த பெயர் அது. நரம்பணுவாகத் தொடங்கும் ஓர் அணு, டெல்டா என்ற புரதத்தைத் தன் மேனியில் நீட்டுகிறது. அது பக்கத்து அணுவின் நாட்ச் ஏற்பியைப் பற்றி இழுக்கிறது. இழுத்ததும் ஏற்பி அறுபடுகிறது. அறுபட்ட உள்பக்கத் துண்டு தானே உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. இங்கே கிராணியும் இல்லை, கங்காணியும் இல்லை, வாசல் காவலரே நேராக உள்ளே போய்விடுகிறார். கொண்டுபோகும் சேதி: 'நான் நரம்பணுவாகிறேன், நீ குருத்தாகவே இரு.' எல்லாரும் ஒரே நாளில் புறப்பட்டுப் போனால் பின்னால் வளர்க்க ஆள் இருக்காது. மூளை அந்தத் தவறைச் செய்யாமலிருப்பது நாட்ச் பாதையால்தான்.

இதில் தாளமும் உண்டு என்பதைக் கியோட்டோவில் ரியோயிச்சிரோ ககேயாமாவின் குழு காட்டியது. நாட்ச் இயக்கும் ஹெஸ்1 என்ற புரதம், எலியின் மூளைக் குருத்தணுவுக்குள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அது ஏறும்போது, நரம்பணுவாக்கும் ஏஎஸ்சிஎல்1 என்ற புரதம் இறங்குகிறது, அது இறங்கும்போது இது ஏறுகிறது. 2013-இல் அவர்கள் நீல ஒளியால் ஏஎஸ்சிஎல்1 புரதத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். விட்டு விட்டு ஒளி காட்டியபோது குருத்தணுக்கள் பெருகின. நிறுத்தாமல் காட்டியபோது நரம்பணுக்களாயின. புரதம் ஒன்றே. உறுமி மேளத்தில் அடி மாறினால் காவடி எடுப்பவரின் ஆட்டம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நம் மூளை மற்றக் குரங்கினங்களைவிட ஏன் பெரியது என்ற கேள்விக்கும் இங்கே ஒரு துண்டுப் பதில் கிடைத்திருக்கிறது. மனிதரிடம் மட்டும் வேலை செய்யும் நாட்ச்2என்எல் என்ற மரபணுக்கள் நாட்ச் சேதியைக் கூட்டி, குருத்தணுவை இன்னும் கொஞ்ச காலம் குருத்தாகவே நிறுத்துகின்றன என்று 2018-இல் இரண்டு குழுக்கள் காட்டின. அந்த மரபணுக்கள் இருக்கும் குரோமோசோம் பகுதியை இழந்தவர்களில் பலருக்குத் தலை சிறிதாகவும், அது இரட்டித்தவர்களில் பலருக்குத் தலை பெரிதாகவும் இருக்கிறது.

அடுத்த பாதையின் பெயரில் டில்லி இருக்கிறது. 1973-இல் ஆர். பி. சர்மா சிறகே இல்லாத ஒரு பழ ஈயைப் பற்றி எழுதி, அதற்குச் 'சிறகிலி' என்று பொருள்படும் விங்லெஸ் என்ற பெயர் வைத்தார். 1976-இல், டில்லி இந்திய வேளாண் ஆய்வு நிறுவனத்தில் வி. எல். சோப்ராவோடு சேர்ந்து அதை விரிவாக விளக்கினார். பின்னால், எலியின் மார்புப் புற்றுநோயில் கிடைத்த இன்ட்-1 என்ற மரபணுவும் சிறகிலி மரபணுவும் ஒன்றே என்று தெரிந்தது. இரண்டு பெயரையும் ஒட்டி விண்ட் என்று ஆக்கினார்கள். இன்று புற்றுநோய் முதல் மூளை வளர்ச்சி வரை விண்ட் பாதையைத் தொடாத ஆய்வகம் குறைவு. அந்தப் பெயரின் முதல் எழுத்து ஓர் இந்திய வேளாண் ஆய்வகத்திலிருந்து வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல வேண்டும்.

விண்ட் சேதிக்குப் பொருள் ஒன்றல்ல. 2002-இல் அஞ்சென் சென், கிறிஸ்டோபர் வால்ஷ் இருவரும் எலியின் மூளைக் குருத்தணுவில் விண்ட் பாதையின் முக்கியப் புரதமான பீட்டா-கேட்டனினை அணையாமல் வைத்தார்கள். குருத்தணுக்கள் பெருகிப் பெருகி, வழவழப்பாக இருக்கவேண்டிய எலி மூளைப் புறணி மனித மூளைபோல மடிப்பு விழுந்தது. அதே சேதி வளர்ச்சியின் பிந்திய கட்டத்தில் வந்தால் குருத்தணுவை நரம்பணுவாக்குகிறது. பெரட்டில் 'கிளம்பு' என்று ஆறு மணிக்குச் சொன்னால் காட்டுக்கு, மாலையில் சொன்னால் வீட்டுக்கு. கேட்பவர் எந்த வேளையில் நிற்கிறார் என்பதில் பொருள் இருக்கிறது.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற நாலாவது பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நரம்புக் குழாயின் அடிப்புறத்திலிருந்து கசியும் இந்தப் புரதம், பக்கத்தில் அடர்த்தியாகவும் தள்ளிப்போகப் போக நீர்த்தும் இருக்கும். எத்தனை அடர்த்தியில் கேட்கிறது என்பதைப் பொறுத்து அணு எந்த வகை நரம்பணு ஆவது என்று முடிவாகிறது. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினைப் பருவத்தில் தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடியில் இந்தப் பாதையை அடைக்கும் நஞ்சு இருந்தது. இதற்கு நேர்மாறாக, சிறுமூளையில் இந்தச் சேதி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் குழந்தைகளுக்கு மெடுலோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வரலாம்.

இனி ஸிக்காவுக்கு வருவோம்.

அந்தக் கிருமியை 1947-இல் உகாண்டாவின் ஸிக்கா காட்டில் ஒரு குரங்கின் ரத்தத்தில் முதலில் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அது முதன்முதலில் பிடிபட்ட இடம் நம் நாடு. 1966-இல் பகாங் மாநிலத்தின் பெந்தோங்கில் பிடித்த ஏடிஸ் எஜிப்தி கொசுக்களில் அது இருந்தது. ஐம்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016 மார்ச்சில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த மனித மூளை முன்னோடி அணுக்களில் ஸிக்காவை விட்டுப் பார்த்தார்கள். மூன்று நாளில் பெரும்பாலான அணுக்களில் கிருமி புகுந்திருந்தது. அணுக்கள் பிரிவது தடுமாறியது, பல செத்தன. அதே கிருமியை முதிராத நரம்பணுக்களில் விட்டபோது பாதிப்பு மிகக் குறைவு. குருத்தைத் தேடிப் போகும் வண்டுதான் இது.

அதே ஆண்டு தென் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. ஸிக்காவின் புரதங்களில் என்எஸ்4ஏ, என்எஸ்4பி என்ற இரண்டும் சேர்ந்து ஏகேடி–எம்டார் வரிசையை அடக்கிவிடுகின்றன. மேலிருந்து 'பெருகு' என்ற சேதி வருகிறது, கிராணியின் வாய் கட்டப்பட்டிருக்கிறது. குருத்தணு பெருகுவதை நிறுத்துகிறது, நரம்பணுவாவதும் தடைபடுகிறது. தன்னைத் தானே தின்னும் வேலை அதற்குள் முடுக்கிவிடப்படுகிறது. கிருமிக்கோ அது வசதி, அந்த நிலையில்தான் அது நன்றாகப் பெருகுகிறது. இரட்டிப்புக் கணக்கை இப்போது மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்தில் சில சுற்றுகள் தவறினால், ஆறு மாதம் கழித்துப் பிறக்கும்போது அந்தக் குறை தலையில் தெரிகிறது.

தொற்று கண்ட எல்லாக் கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருப்பதில்லை. முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் ஆபத்து கூடுதல். பயமுறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. காய்ச்சல் வந்த கர்ப்பிணியை 'சாதாரணக் காய்ச்சல்தானே' என்று வீட்டிலேயே படுக்க வைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் எழுதுகிறேன்.

பால்மரத்தின் பட்டையைச் சீவும்போது உட்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய பசைப் படலத்தைக் கத்தி தொட்டுவிடக் கூடாது என்று பாட்டி சொல்வார். தொட்டால் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அந்தப் படலம் மரத்தின் குருத்தணு அடுக்கு என்று பள்ளிக்கூடம் போகாத அவருக்கு யாரும் சொன்னதில்லை. அது எத்தனை மெல்லியது என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

ஸிக்காவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்றும் இல்லை, கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை. அறுந்த சேதியை ஒட்டிக் கொடுக்கவும் வழி இல்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பூச்சட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரை நீர்க்கால்வாய், பின்கட்டில் கிடக்கும் பழைய வாளி ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே செய்யுங்கள். பக்கத்து வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவர்கள் வீட்டு வாளியையும் கேட்டுக் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.